மச்சானின் மீசையும் ஏழாம் நம்பர் பிளாஸ்டிக் மீனும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும், என் இடது கால் செருப்பு ஒன்று நீங்கலாக, பூரண நலம். அங்கு தாங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டும், மருந்துக்கடையும் நன்றாக நடக்க வேண்டும். தங்கள் மீசையும் இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும் நிமிடம்வரை நலமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு அதன் நலத்துக்கு நான் பொறுப்பில்லை.

பந்தயம் என்னவென்று தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் நாற்பது வருடம் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எதையும் எழுத்தில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் தாங்கள் வந்திருந்தபோது எங்கள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து, எதிரே கண்ணுக்கெட்டியவரை கிடக்கும் உப்புச் சதுப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தீர்கள். "ஏன் மாப்ளே, ரிட்டையர் ஆனவனுக்கு வேற எடமே கெடைக்கலியா? உப்புத்தண்ணி, சேறு, கொசு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்து வீடு பாத்தீங்க? பேசாம ரெண்டு பேரும் நம்ம வீட்டு மாடிக்கு வந்துடுங்க" என்றீர்கள். நான் இங்கேயே மீன் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதாகச் சொன்னேன். இதுவரை எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்டீர்கள். இனிமேல்தான் என்றேன். புழுவா, இறாலா என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை, பிளாஸ்டிக் மீன் என்றேன். காரணத்தை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். புழு நெளிகிறது, மச்சான். எப்போது எந்தப் பக்கம் நெளியும் என்று ஒரு ஒழுங்கே கிடையாது. அப்படிப்பட்டதைக் கையால் தொட என்னால் ஆகாது. தாங்கள் அன்று சிரித்த சிரிப்பில் தங்கள் கையிலிருந்த தேநீர் என் வேட்டியில் சிந்தியது. "புழு போட்டாலே சிக்க மாட்டேங்குது, இவரு பொம்மையப் போட்டுப் புடிப்பாராம்! இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு மீன் புடிச்சுக் காட்டுங்க, நான் இந்த மீசைய எடுத்துடறேன். புடிக்கலன்னா மறுபேச்சு இல்லாம பெட்டி படுக்கையக் கட்டிக்கிட்டு மாடிக்கு வந்துடணும், சரியா?" என்று கையை நீட்டினீர்கள். நானும் ரோஷத்தில் கையடித்துக் கொடுத்துவிட்டேன். தங்கள் தங்கை அப்போது பக்கத்து வீட்டுக்காரியின் பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வாயில் குண்டூசி வைத்திருந்தாள்.

அதன்பிறகு மாதம் முழுவதும் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் பின்படியில் நின்று தூண்டில் வீசினேன். மீன் கிடைக்கவில்லை. ஒரு குடை கிடைத்தது. கம்பிகள் நன்றாகவே இருந்தன. மதியம் சாப்பிட்டுவிட்டுக் களைப்பில் தூங்கிவிடுவேன். தங்கள் தங்கை ஆறுதலாக வாரத்துக்கு ஒரு நாள் கடையிலிருந்து நல்ல மீனாக வாங்கி வந்து வறுத்துப் போடுவாள். அது எனக்குத் தொண்டையில் இறங்காது. மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே வருகிறேன், அவளுடைய தையல் மிஷின் பழைய போர்வையால் மூடி, கயிறு போட்டுக் கட்டி, நகர்த்துவதற்குத் தயாராக நிற்கிறது. பெட்டி கட்டுவதற்கு முதலில் மிஷினைத்தானே கட்டுவாள்? மனசளவில் அவள் மாடிக்கு வந்தேவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

மச்சான், தங்கள் வீட்டு மாடி அறையைக் குறை சொல்லவில்லை. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். ஆனால் அதன் ஜன்னலுக்கு நேர் எதிரே பேருந்து நிலையம். அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தால், உயிர் போகும்வரை எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று பார்த்துப் பார்த்தே நான் ஓய்ந்துபோவேன். நாற்பது வருடம் அதைத்தான் செய்தேன். ஓட்டுநர்கள் என்னை 'நிமிஷம்' என்று கூப்பிட்டதும், நான் வருவதைக் கண்டால் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் தாங்கள் அறிந்ததே. இந்த வீட்டில் பின்கதவைத் திறந்தால் தண்ணீரும் புல்லும் மட்டும்தான். எதுவும் புறப்படுவதில்லை, எதுவும் வந்துசேர்வதில்லை. இதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. சொன்னால் பைத்தியம் என்பீர்கள் என்றுதான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஜெயித்துவிட்டதால் தாராளமாகச் சொல்கிறேன்.

ஆம், ஜெயித்துவிட்டேன். எப்படி என்பதை விவரமாக எழுதுகிறேன். தங்களுக்கும் பிற்காலத்தில் உபயோகப்படும்.

தூண்டில் வீசுவது என்பது கைவேலை என்று தாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, அது கால அட்டவணை. துறைமுக அலுவலகம் அச்சடித்த, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேர அட்டவணை ஒன்றை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகப் பார்த்தேன். உச்ச ஏற்றம் மாலை மூன்று பத்து. தண்ணீர் ஏறும்போது மீன் ஓடைக்குள் வரும், அப்போது நாம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தங்கள் தங்கையோடு போய்த் தூண்டில் கடைக்காரரிடம் தட்டைப் படகு ஒன்றைக் கேட்டுவைத்தேன். அவர் அட்டவணையை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது துறைமுகத்து நேரம். உள்ளோடைக்கு இது செல்லாது, அங்க தண்ணி மெதுவாத்தான் வரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாக இதே கதையைத்தானே ஒவ்வொரு ஓட்டுநரும் சொன்னான்? மெயின் ரோட்டுக்கு ஒரு நேரம், உள் ரோட்டுக்கு ஒரு நேரம் என்று. "அச்சுல போட்டது போட்டதுதான்" என்று சொன்னேன். அவர் தங்கள் தங்கையைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இருவருக்கும் எப்படிப் பழக்கம் என்று தெரியவில்லை.

என் பெட்டியில் மொத்தம் பன்னிரண்டு பிளாஸ்டிக் மீன்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நெயில் பாலிஷால் நம்பர் போட்டிருக்கிறேன். ஏழாம் நம்பர்தான் அரசன், சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு, வயிற்றிலும் வாலிலும் மும்மூன்று தூண்டில் முள். அதைத்தான் கட்டினேன். முடிச்சு என் சொந்த முடிச்சு. தங்கள் தங்கை, "கொடுங்க, நான் போடுறேன்" என்று கேட்டாள். முப்பத்து நாலு வருடம் ஊராருக்குத் துணி தைத்தவளுக்கு நூல்முடிச்சு தெரியும், தூண்டில் நரம்பில் போடும் முடிச்சு வேறு என்று எடுத்துச் சொன்னேன். அவள் என் சட்டையைக் காட்டி, இரண்டாவது பொத்தான் இல்லையே, வேறு சட்டை மாற்றுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். நேற்றுவரை இருந்த பொத்தான். எங்கே விழுந்ததோ, தெரியவில்லை. மீன் பொத்தானைப் பார்த்தா வரப்போகிறது என்று அதே சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

சரியாக ஒன்று முப்பதுக்குப் படகை எடுத்தோம். நான் துடுப்புப் போட்டேன், அவள் எதிரே மடியில் துணிக்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடித்த மீனைப் போட அந்தக் கூடை. நம்பிக்கையான பெண்பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். பெரிய ஓடையில் முதல் வீச்சு வீசினேன், ஏழாம் நம்பர் என் முதுகில் சட்டையோடு தைத்துக்கொண்டது. அவள் எழுந்து வந்து, கத்தரிக்கோல் இல்லாமலே, நூல் பிரிவது தெரியாமல் எடுத்துவிட்டாள். இரண்டாவது வீச்சு தொப்பியில். மூன்றாவது பிரமாதமாகப் போனது, எவ்வளவு தூரம் என்றால், விழுந்த இடமே எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு தூண்டில் கைக்குப் படிந்துவிட்டது, மச்சான். இறகுபோல லேசாக இருந்தது. ஒரு மணி நேரம் ஒரு சிக்கல் இல்லாமல் வீசினேன், இழுத்தேன். படகைச் சுற்றி மடவை மீன்கள் துள்ளித் துள்ளிக் குதித்தன, ஒன்று என் தோளை உரசிக்கொண்டே தாண்டியது. ஒன்றும் கடிக்கவில்லை. "அது பாசி திங்கிற மீனுங்க, இதையெல்லாம் கடிக்காது" என்றாள். இதெல்லாம் இவளுக்கு யார் சொல்லித் தந்தது என்று யோசித்துக்கொண்டே படகை உள்ளோடைக்குத் திருப்பினேன்.

உள்ளோடையில் நூறு கஜம்கூடப் போயிருக்க மாட்டோம், படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல், நடுவில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர், அதில் நண்டுகள் எங்களை வேடிக்கை பார்த்தன. மணி இரண்டு ஐம்பது. நான் கலங்கவில்லை. மூன்று பத்துக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும்.

"என்னங்க, தண்ணியக் காணோமே."

"வரும். மூணு பத்துக்கு."

மூன்று ஐந்துக்கு நான் படகில் எழுந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து ஆனது. தண்ணீர் வரவில்லை. மூன்று பதினைந்து. மூன்று இருபத்தைந்து. பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து, 'தண்ணீர், 15 நிமிடம் தாமதம், காரணம் கூறப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கும் லீவா இருக்கும்" என்றாள் தங்கள் தங்கை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் அல்ல, துறைமுக அலுவலகத்தின் மேல். அதைவிட, சாயங்காலம் இருட்டிவிட்டால் மாதம் முடிந்துவிடும், திங்கட்கிழமை மிஷினை வண்டியில் ஏற்றவேண்டும் என்ற நினைப்பு வந்ததும் உட்கார முடியவில்லை. இறங்கித் தள்ளுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தூண்டிலைப் படகின் ஓரத்தில் சாய்த்து, ஏழாம் நம்பர் தண்ணீருக்குள் கிடக்கும்படி வைத்துவிட்டு இறங்கினேன். முதல் அடியிலேயே முழங்கால்வரை போய்விட்டேன். இரண்டாவது காலையும் எடுத்து வைத்தேன், அதுவும் போனது. படகைத் தள்ளினால் படகு நகரவில்லை, நான்தான் கீழே நகர்ந்தேன். வலது காலை இழுத்தால் இடது கால் இறங்குகிறது, இடது காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அந்தச் செருப்பைத் துழாவிக்கொண்டு படகுக்கு முதுகைக் காட்டி, சேற்றில் கையை முழங்கைவரை விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். அது புதுச் செருப்பு, மச்சான்.

இதற்கிடையில் தண்ணீர், வெட்கமே இல்லாமல், நான்கு மணிக்கு மேல் மெதுவாக வர ஆரம்பித்தது. முதுகுப் பக்கம் படகிலிருந்து 'விர்ர்... விர்ர்...' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"கொசு ஓட்டுறேங்க."

"தூண்டிலாலயா?"

"நீங்க செருப்பத் தேடுங்க."

தேடினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதுதான் சேறு இளகி என் கால்கள் விட்டன. அந்த நேரம் பார்த்து அவள் பதற்றமே இல்லாமல், ஆனால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னங்க, சட்டுனு வாங்க. உங்க தூண்டில் என்னமோ பண்ணுது. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். படகைப் பிடித்துத் தொற்றி ஏறினேன். தூண்டில் வில்லாக வளைந்து அவள் கையில் இருந்தது. வாங்கினேன். மச்சான், அந்த முனையில் ஒரு உயிர் இழுத்த இழுப்பை என்னவென்று எழுதுவேன்! படகையே திருப்பியது. நான் திருகினேன், அது ஓடியது, மறுபடி திருகினேன். "விடாதீங்க, தளர விடாதீங்க, கோல மேல தூக்குங்க" என்று அவள் கத்தினாள், பயத்தில் என்னென்னவோ சொன்னாள், ஆச்சரியம், எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் அவள் துணிக்கூடையை அடியில் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிப் படகுக்குள் போட்டாள். கொடுவா! வெள்ளிபோல மின்னுகிற, வாயைப் பிளந்துகொண்டு துள்ளுகிற, கொழுத்த கொடுவா! நேரம் ஐந்து ஏழு. நோட்டில் எழுதும்போது எழுத்துக் கோணிவிட்டது. அழுதேன் என்று தங்கள் தங்கை சொல்லுவாள். உப்புத்தண்ணீர் தெறித்தது.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வீசவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, நாம் வேறு வேலை பார்க்கவேண்டும். மீனுக்குச் சந்தேகம் வராது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆனால் அந்தப் பிளாஸ்டிக் மீனைச் செய்த கம்பெனிமேல் எனக்குப் பெரும் வருத்தம். கொடுவாவின் வாயைத் திறந்து பார்த்தால் என் ஏழாம் நம்பர் உருத்தெரியாமல் போயிருந்தது. மேல்பூச்சு மொத்தமும் போய், ஜரிகை மாதிரி ஒரு பளபளத்த துணியும், கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நீலநிறச் சட்டைப் பொத்தானும், ஒற்றை முள்ளும்தான் மிச்சம். உள்ளுக்குள் பழைய துணியையும் பொத்தானையும் வைத்துத்தான் இத்தனை நாள் விற்றிருக்கிறார்கள்! கண்டித்துத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கள் தங்கையின் அளவு நாடாவால் அளந்தேன். மூக்கிலிருந்து வால்வரை இருபத்து நான்கு அங்குலம், பிசகில்லை. தாங்கள் பிடித்ததாக ஒரு மீன் போட்டோ அனுப்பினீர்களே, அது இருபத்திரண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு வறுத்தோம், இந்தத் தடவை தொண்டையில் நன்றாகவே இறங்கியது. திங்கட்கிழமை காலையில் பார்க்கிறேன், தையல் மிஷினின் கயிற்றை அவிழ்த்து, பின்பக்க ஜன்னலோரமாகப் போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். தோல்வியை இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிற பெண்ணைப் பெற்ற குடும்பத்துக்கு என் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணனுக்கும் அதே பெருந்தன்மை இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகவே, மச்சான், மாடி அறையைத் தாங்கள் வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம். மீசை எடுத்த முகத்தின் போட்டோ வருகிற பத்தாம் தேதி காலை பதினொன்று முப்பது தபாலில் எனக்குக் கிடைக்கவேண்டும். நோட்டில் எழுதிவிட்டேன். தங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளும், நல்ல செரிமானமும், சொன்ன சொல்லைக் காக்கும் மனமும் பெருகட்டும் என்று வாழ்த்தி, வயதில் இளையவன் என்பதால் வணங்கியும் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டு மாப்பிள்ளை,
'நிமிஷம்'

பி.கு.: இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ, நேராக ஒரு போட்டோ.

இன்னொரு பி.கு., உங்கள் தங்கை எழுதுவது:

அண்ணா, ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். படிக்காமல் ஒட்ட மனசு வரவில்லை.

ஏழாம் நம்பர் மூன்றாவது வீச்சிலேயே முடிச்சு அவிழ்ந்து பறந்துவிட்டது. அதன்பிறகு ஒரு மணி நேரம் வெறும் நரம்பைத்தான் வீசினார். முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் செருப்புத் தேடும்போது நான் செய்த பொம்மையைக் கட்டிக்கொண்டேன், மிச்சமிருந்த ஜரிகைத் துண்டு, அவர் சட்டைப் பொத்தான். அந்தக் கொடுவாவைப் பத்து நிமிடம் பிடித்து வைத்திருந்தேன், அவர் கால் சேற்றிலிருந்து வருவதற்காக. இன்னும் கட்டைவிரல் வலிக்கிறது. கடையில் வாங்கினேன் என்று வாரா வாரம் வறுத்துப் போட்டதும் நான் பின்படியிலிருந்து பிடித்ததுதான், அவர் மதியம் தூங்கும்போது. தண்ணீர் இங்கே இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வரும், தூண்டில் கடைக்காரர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார். அப்புறம், அந்த நாடாவின் முனை கிழிந்து முதல் மூன்று அங்குலத்தை எப்போதோ வெட்டிவிட்டேன். மீன் இருபத்தொன்றுதான்.

மிஷினைக் கட்டியது ஜன்னலோரம் நகர்த்துவதற்கு. அங்கே உட்கார்ந்து தைத்தால் தண்ணீர் தெரிகிறது. நீங்கள் பந்தயம் கட்டிய அன்றே நாங்கள் எங்கும் வரவில்லை என்று சொல்லியிருப்பேன், வாயில் குண்டூசி இருந்தது. ஆனால் அந்த ஜன்னல், பேருந்து நிலையம், இதெல்லாம் அவர் மனசில் இருந்தது எனக்கே இப்போது இதைப் படித்துத்தான் தெரியும். என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா அண்ணா?

பந்தயப்படி பார்த்தால் ஜெயித்தது நீங்கள்தான். மீசையை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். போட்டோவை எட்டாம் தேதியே தபாலில் போட்டுவிடுங்கள், பத்தாம் தேதி பதினொன்றரைக்கு அவர் கைக்கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். நாற்பது வருடத்தில் அவர் எழுதிவைத்த நேரத்துக்கு ஒரு வண்டியும் வந்ததில்லை. இது ஒன்றாவது வரட்டும், அண்ணா.